கடைமடை வரை மருந்து போகுமா?

ஒரு புற்றுநோய்ச் செல்லுக்குள் எந்த மரபணு ஆட்டம் போடுகிறது என்று தெரிந்துவிட்டால், அதன் வாயை அடைக்கிற ஆர்.என்.ஏ. துண்டு ஒன்றை வடிவமைப்பது இன்றைக்குப் பெரிய வித்தையே இல்லை. எங்கள் எம்.எஸ்சி. பிள்ளைகளே ஒரு மதியப் பொழுதில் கணினியில் அதன் வரிசையைப் போட்டுக் காட்டிவிடுவார்கள். கையில் பணம் இருந்தால் ஆர்டர் கொடுக்கலாம், சின்னக் குப்பியில் காய்ந்த தூளாகக் கூரியரில் வந்து இறங்கிவிடும். அந்தத் துண்டை ரத்தத்தில் ஓடவிட்டு, நடுவில் எதுவும் அதைக் கடித்துத் தின்னாமல், வயிற்றில் இருக்கும் கட்டிக்குள், அதிலும் அந்தச் செல்லின் உள்ளுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. 25 வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் முட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் தம்பி, அதாவது சித்தப்பா மகன். நான் கும்பகோணத்தில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கிறவள் என்பதால் சொந்தத்தில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும் அதன் போட்டோ முதலில் என் போனுக்கு வந்துவிடும் (நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்). சித்தப்பாவுக்கு இரைப்பையில் கட்டி. ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. சாப்பிட உட்கார்ந்தால் நாலு கவளத்தில் வயிறு நிரம்பிவிடுகிறது, நெஞ்சு கரிக்கிறது, ஆள் இளைக்கிறார், எல்லாவற்றுக்கும் 'வாய்வு' என்று ஒரே பெயர், ஒரே மருந்து, மெடிக்கலில் கிடைக்கும் கேஸ் மாத்திரை. தஞ்சாவூரில் எண்டோஸ்கோபி போட்டு, பயாப்சி வந்து, சி.டி. எடுத்தபோது கல்லீரலிலும் புள்ளிகள் தெரிந்தன. இப்போது கீமோ நடக்கிறது. இதற்கு நடுவில்தான் தம்பிக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள், எக்ஸோசோம் (செல்கள் வெளியே விடும் நுண்பை) சிகிச்சை, பக்கவிளைவே இல்லாமல் வயிற்றுப் புற்றுநோயைக் கரைக்கும் என்று.

"அக்கா, இது நெசமா? அப்பாவுக்குக் கெடைக்குமா?"

இப்போதைக்குக் கிடைக்காதுடா என்று போனில் சொல்லி முடித்துவிட்டேன். ஏன் கிடைக்காது, அதே சமயம் ஏன் அது வெறும் புருடாவும் இல்லை என்பதைப் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால் இங்கே.

முதலில் அந்த ஆர்.என்.ஏ. துண்டு. மரபணுவில் இருக்கும் தகவல் தூது ஆர்.என்.ஏ.வாகப் படி எடுக்கப்பட்டு, அதைப் பார்த்துத்தான் செல் புரதம் தயாரிக்கிறது. அந்தத் தூதுப் படியோடு சரியாகப் பொருந்தும் குட்டி இரட்டை இழை ஆர்.என்.ஏ. ஒன்றை உள்ளே விட்டால், செல்லில் ஏற்கெனவே இருக்கும் ஒரு இயந்திரம் அதைப் பிடித்துக்கொண்டு தூதுப் படியைத் தேடி வெட்டிவிடும். புரதம் நின்றுபோகும். 1998-ல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு சின்னப் புழுவில் இதைக் கண்டுபிடித்தார்கள், 2006-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். இந்தக் குட்டித் துண்டுக்கு எஸ்ஐ-ஆர்.என்.ஏ. என்று பெயர். இதற்குப் பங்காளி மாதிரி உடம்பே தயாரித்துக்கொள்ளும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் உண்டு, அதற்கான நோபல் 2024-ல் விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்கனுக்கும் போனது.

கொள்கை அளவில் அருமை. ஆனால் வெறும் ஆர்.என்.ஏ.வை ஊசியில் ஏற்றிப் பாருங்கள். ரத்தத்தில் அதை நறுக்குவதற்கென்றே நொதிகள் இருக்கின்றன, அவை சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். தப்பித்ததைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளும். அதையும் தாண்டி ஒரு செல்லின் வாசலுக்குப் போனாலும், ஆர்.என்.ஏ. முழுக்க எதிர் மின்னேற்றம் கொண்டது, செல்லின் கொழுப்புச் சுவர் அதை உள்ளே விடாது. அதனால் ஏதாவது ஒன்றுக்குள் பொதிந்துதான் அனுப்ப வேண்டும். கொழுப்பாலான நுண்துகளில் பொதிந்து அனுப்பும் முறை ஓரளவு வெற்றி. 2018-ல் அனுமதி பெற்ற முதல் எஸ்ஐ-ஆர்.என்.ஏ. மருந்தான பாட்டிசிரான் அப்படித்தான் போகிறது, கொரோனா ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் அதே வகைத் துகளில்தான் வந்தன. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். இதுவரை அனுமதி பெற்ற எஸ்ஐ-ஆர்.என்.ஏ. மருந்துகள் எல்லாமே கல்லீரலில் வேலை செய்பவை. எல்லாமே.

இது தற்செயல் இல்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்துவிட்டால் முதலில் நனைவது தலைமடை. எங்கள் சித்தப்பா ஊர் மாதிரிக் கடைமடைக்கு வருவதற்குள் நாள் கணக்காகிவிடும், சில வருஷம் நாற்றங்கால் காய்ந்த பிறகுதான் வாய்க்காலில் ஈரமே தெரியும். மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்பது பேப்பரில் வரும், கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் அங்கே விதைக்கிறவனுக்குக் கணக்கு. ரத்தத்தில் விடும் நுண்துகளுக்குக் கல்லீரல் அந்தத் தலைமடை. ரத்தத்தில் உள்ள ஒரு புரதம் கொழுப்புத் துகளின் மேல் போய் ஒட்டிக்கொள்ள, கல்லீரல் செல்கள் அதைக் கொழுப்பு என்று நினைத்து வாரி எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தை மண்ணீரல் பார்த்துக்கொள்ளும். இரைப்பைக் கட்டிக்கு என்ன மிஞ்சும்?

"அப்பாவுக்குக் கல்லீரல்லயும்தானே இருக்கு, அங்க போனா நல்லதுதானேக்கா?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி, வகுப்பில்கூட யாரும் கேட்டதில்லை. கல்லீரலில் அந்தத் துகளை விழுங்குவது கல்லீரலின் சொந்தச் செல்களும் அங்கே காவல் இருக்கும் விழுங்கு செல்களும்தான். குடியேறி வந்த புற்றுநோய்ச் செல் அதே முறையில் அதை எடுத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இங்கேதான் அந்த நுண்பைகள் கதைக்குள் வருகின்றன.

நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் ஓயாமல் கொழுப்புப் படலம் சுற்றிய மிகச் சின்னப் பைகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் செல்லின் உள்ளறைகளில் உருவாகி வெளியே வரும் ஒரு வகைதான் எக்ஸோசோம், சுமார் 30 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன் தோராயமாக 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். ரத்தம், எச்சில், சிறுநீர், தாய்ப்பால், எல்லாவற்றிலும் இருக்கின்றன. 1983-ல் கனடாவின் மாண்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழு செம்மறியாட்டின் முதிராத சிவப்பணுக்களை வைத்துக்கொண்டும், அமெரிக்காவின் செயின்ட் லூயியில் ஃபிலிப் ஸ்டால் குழு எலியின் அணுக்களை வைத்துக்கொண்டும் தனித்தனியாக இதைப் பார்த்தார்கள். சிவப்பணு முதிரும்போது இனி வேண்டாத புரதங்களைப் பைகளில் கட்டி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான் என்று பல வருஷம் பலரும் நினைத்தார்கள். கழிவு.

2007-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் யான் லோட்வால் குழு இந்தப் பைகளுக்குள் தூது ஆர்.என்.ஏ.வும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் இருப்பதைக் காட்டியது. அதோடு நிற்கவில்லை. எலிச் செல்லின் பைகளை மனிதச் செல்களிடம் கொடுத்தபோது மனிதச் செல்லுக்குள் எலிப் புரதங்கள் உண்டாயின. ஒரு செல் விட்ட பையில் இருக்கும் மரபணுத் தகவலை இன்னொரு செல் எடுத்துப் படித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் இந்தத் துறை பிய்த்துக்கொண்டு போனது. 2011-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மேத்யூ வுட் குழு, எலியின் நோயெதிர்ப்புச் செல்கள் விட்ட பைகளின் மேல் நரம்புச் செல்லைத் தேடிப் போகும் ஒரு புரதத் துண்டைப் பொருத்தி, உள்ளே எஸ்ஐ-ஆர்.என்.ஏ. ஏற்றி, ரத்தத்தில் ஊசி போட்டு, எலியின் மூளைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவது சாதாரண மருந்துகளுக்கே அத்தனை சிரமம் என்பதால் அந்தக் கட்டுரை எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

செயற்கைக் கொழுப்புத் துகளுக்கு இல்லாத எது இதில் இருக்கிறது? உடம்பே செய்த பொருள், அதனால் நோயெதிர்ப்புச் சக்தி அவ்வளவு சீறாது. மேலே பலவகைப் புரதங்கள் ஏற்கெனவே பதிந்திருக்கின்றன, அவற்றில் சிடி47 என்ற ஒன்று விழுங்கு செல்களிடம் 'என்னைத் தின்னாதே' என்று சொல்லும் அடையாளம். 2017-ல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ரகு கல்லூரி என்ற விஞ்ஞானியின் குழு இந்தச் சிடி47 இருப்பதால்தான் எக்ஸோசோம்கள் செயற்கைத் துகள்களைவிட ரத்தத்தில் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கின்றன என்று காட்டியது. கணையப் புற்றுநோயில் கே-ராஸ் என்ற மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பிறழ்வைக் குறிவைத்த எஸ்ஐ-ஆர்.என்.ஏ.வை ஏற்றி எலிகளின் ஆயுளை நீட்டியும் காட்டினார்கள். அது மனிதர்களில் முதல் கட்டச் சோதனை வரை வந்தது. கணையம், இரைப்பை இல்லை. அதையும் இதையும் குழப்பிக்கொண்டுதான் அந்த வீடியோ செய்யப்பட்டிருந்தது என்று நினைக்கிறேன்.

இனி இரைப்பைக்கு வருவோம், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். இந்தப் பைகளை நாம் மருந்துக்குப் பயன்படுத்தலாமா என்று யோசிப்பதற்கு வெகுகாலம் முன்பே புற்றுநோய் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. இரைப்பைப் புற்றுநோய்க்குப் பெரிய காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவின் நச்சுப் புரதமான கேக்-ஏ, தொற்று உள்ளவர்களின் ரத்தத்தில் எக்ஸோசோமுக்குள் சுற்றுகிறது என்று 2016-ல் டோக்கியோவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 2017-ல் சீனாவின் தியான்ஜினில் ஒரு குழு இன்னொன்றைக் கண்டது. இரைப்பைப் புற்றுநோய்ச் செல்கள் ஈஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சி ஏற்பியைப் பைகளில் ஏற்றிக் கல்லீரலுக்கு அனுப்புகின்றன. கல்லீரலில் உள்ள செல்கள் அதை வாங்கித் தங்கள் படலத்தில் பொருத்திக்கொள்கின்றன. அதன் விளைவாக அங்கே எச்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கட்டுப்படுத்தி வந்த இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் அடங்கிப்போக, அந்தக் காரணி கூடுகிறது. அந்த எச்ஜிஎஃப் இருக்கும் இடத்தில், அலைந்து வரும் புற்றுநோய்ச் செல் சுலபமாக வேர் பிடித்துவிடும். கட்டி வருவதற்கு முன்பே கல்லீரலைப் பண்படுத்தி வைத்துவிடுகிறது. சித்தப்பாவின் சி.டி. ஸ்கேனில் அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது, அப்புறம் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதே குழு அடுத்து செய்தது நேரான காரியம். எதிரி பையில் அனுப்பி எச்ஜிஎஃபைக் கூட்டினால், நாமும் பையில் அனுப்பி எச்ஜிஎஃபைக் குறைப்போம். 2018-ல் வந்த கட்டுரையில், ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக வளர்க்கும் மனிதச் சிறுநீரகச் செல் வரிசை ஒன்றிலிருந்து எக்ஸோசோம் எடுத்து, எச்ஜிஎஃபுக்கு எதிரான எஸ்ஐ-ஆர்.என்.ஏ.வை ஏற்றி, எலிகளில் வளர்த்த இரைப்பைக் கட்டிக்குக் கொடுத்தார்கள். கட்டியின் வளர்ச்சியும் குறைந்தது, கட்டிக்குள் புது ரத்தக் குழாய் உண்டாவதும் குறைந்தது. அதே வருஷம் இன்னொரு கட்டுரை: சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்கு மசியாத இரைப்பைப் புற்றுநோய்ச் செல்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-214 கூடிக் கிடப்பதைப் பார்த்து, அதை அடக்கும் துண்டை எக்ஸோசோமில் அனுப்பினார்கள், செல்கள் மறுபடி மருந்துக்குப் பணிந்தன. இந்த இரண்டாவது எனக்கு முதலாவதைவிட முக்கியமாகப் படுகிறது. நுண்பை தனியாகப் போய்ப் புற்றுநோயை ஒழிக்கும் என்பதைவிட, இருக்கிற கீமோவுக்குக் கைகொடுக்கும் என்பது நம்பக்கூடிய கனவு. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் சிஸ்பிளாட்டினும் அதன் உறவுக்கார மருந்துகளும்தானே ஓடுகின்றன.

எலி. அந்த ஒரு வார்த்தையைத்தான் வீடியோ விழுங்கிவிட்டது.

எலியில் வளர்க்கும் கட்டியைப் பெரும்பாலும் தோலுக்கு அடியில் வைப்பார்கள், அளவெடுக்க வசதியாக. நிஜ இரைப்பைக் கட்டி அமிலமும் அசைவும் உள்ள இடத்தில், சுற்றி நார்த்திசு இறுகிக் கிடக்க, எக்குத்தப்பாக வளர்ந்த ரத்தக் குழாய்களோடு இருக்கிறது. இதெல்லாம் சொன்னால் ஆராய்ச்சியைக் குறை சொல்வதாக ஆகாது. அடுத்த படிக்கட்டு எவ்வளவு உயரம் என்று சொல்வதுதான்.

அந்த உயரத்தில் பாதி, பையை நிரப்புவதிலேயே இருக்கிறது. எக்ஸோசோமுக்குள் ஆர்.என்.ஏ.வை நுழைக்க மின்சார அதிர்ச்சி கொடுத்துப் படலத்தில் நொடிநேரத் துளை போடுவது ஒரு வழி. 2013-ல் நெதர்லாந்தில் ஒரு குழு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது: மின்சாரம் பாய்ச்சும்போது எஸ்ஐ-ஆர்.என்.ஏ. திரண்டு படிவாகிவிடுகிறது, அந்தப் படிவையும் சேர்த்து எடுத்து 'பைக்குள் போய்விட்டது' என்று கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம், உண்மையில் உள்ளே போனது சொற்பம் என்றது. இன்னொரு வழி, பையை உண்டாக்கும் தாய்ச் செல்லிலேயே அந்த ஆர்.என்.ஏ.வை ஏற்றிவிடுவது, பை தானாக நிறைந்து வரட்டும் என்று. அதிலும் 2014-ல் சியாட்டிலிலிருந்து வந்த ஒரு அளவீடு கையைக் கட்டிப்போட்டது. இயற்கையான எக்ஸோசோம்களில், நிறைய இருப்பதாகச் சொல்லப்படும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை எடுத்துக்கொண்டால்கூட, சராசரியாக ஒரு பைக்கு ஒரு மூலக்கூறு தேறவில்லை. பெரும்பாலான பைகள் அந்தக் குறிப்பிட்ட சரக்கு இல்லாமலே போகின்றன. இந்த எண்ணை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் முன்வரிசையில் ஒரு பிள்ளையாவது "அப்போ அது எப்படி மேடம் வேலை செய்யும்?" என்று கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான், அதற்கு முழுப் பதில் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.

அடுத்து ரத்தத்தில் பயணம். சிடி47 இருந்தாலும், வெளியிலிருந்து ஊசியில் ஏற்றும் எக்ஸோசோம்களில் பெரும்பகுதி எலிகளில் சில நிமிடங்களிலேயே ரத்தத்திலிருந்து காணாமல் போகிறது. எங்கே போகிறது என்று ஒளிரும் சாயம் பூசித் தேடினால், கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். மறுபடி தலைமடை. செயற்கைத் துகளைவிடக் கொஞ்சம் நல்ல வாய்க்கால், ஆனால் அதே ஆறு. அதையும் கடந்து கட்டியின் செல்லுக்குள் போனால், செல் அதை ஒரு உள்ளறையில் வாங்கி வைத்துக்கொள்கிறது. அங்கிருந்து ஆர்.என்.ஏ. தப்பித்து செல் குழம்புக்குள் வந்தால்தான் வேலை நடக்கும், இல்லையென்றால் அமில அறைக்குப் போய்ச் செரிமானம் ஆகிவிடும். கொழுப்புத் துகள்களில் இப்படித் தப்பிப்பது நூற்றில் ஒன்றிரண்டு என்று அளந்திருக்கிறார்கள்.

அதனால்தான் பைகளின் மேல் முகவரி பொருத்தும் வேலை நடக்கிறது. கட்டியின் மேல் மட்டும் அதிகம் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு துண்டைத் தாய்ச் செல்லே பையின் மேல் வைத்துத் தயாரிக்கும்படி மரபணுவை மாற்றுவது. இரைப்பைப் புற்றுநோயில் இதற்குத் தோதான அடையாளங்கள் இருக்கின்றன. ஒரு பகுதி நோயாளிகளின் கட்டியில் ஹெர்2 என்ற புரதம் கூடுதலாக இருக்கும், 2010 முதல் அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். கிளாடின் 18.2 என்ற இன்னொரு அடையாளத்தைக் குறிவைக்கும் சொல்பெடுக்சிமாப் என்ற மருந்து 2024-ல் ஜப்பானிலும் அப்புறம் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. கிளாடின் 18.2 சாதாரணமாக இரைப்பைச் சுவரில் மட்டும், அதுவும் செல்களுக்கு இடையில் ஒளிந்து கிடக்கும், புற்றுநோய் வந்து அந்தக் கட்டமைப்பு குலையும்போது வெளியே தெரியும். நுண்பைக்கு நான் முகவரி எழுத வேண்டியிருந்தால் அதைத்தான் எழுதுவேன்.

தயாரிப்பு பற்றி நீட்டப் போவதில்லை. ஒரு எலிக்கே கோடிக்கணக்கில், அதைவிட அதிகமாகப் பைகள் வேண்டும், ஒரு மனிதருக்கு எத்தனை என்று நினைத்துக்கொள்ளுங்கள். செல்களைத் தொட்டி தொட்டியாக வளர்த்து, அதிவேகச் சுழற்சியிலோ நுண்வடிகட்டியிலோ பிரித்து, ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் எடுப்பது காசு தின்னும் வேலை. மாட்டுப்பாலிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் நடக்கிறது. இந்தத் துறையில் முன்னணியில் இருந்த கோடியாக் என்ற அமெரிக்க நிறுவனம் 2023-ல் திவால் மனு கொடுத்தது.

அப்படியிருக்க, தம்பி அனுப்பிய வீடியோவின் கீழே ஒரு கிளினிக்கின் நம்பர் இருந்தது. ஊர் பெயர் வேண்டாம். அவன் கூப்பிட்டிருக்கிறான், "ஸ்டெம் செல் எக்ஸோசோம், மூன்று டோஸ், அட்வான்ஸ் கட்டினால் தேதி தருகிறோம்" என்றிருக்கிறார்கள், குறுவை அறுத்த காசு மொத்தமும் அதற்குப் போதாது. எந்தச் செல்லிலிருந்து எடுத்தது, உள்ளே என்ன ஆர்.என்.ஏ., எந்த மரபணுவுக்கு எதிராக என்று கேட்கச் சொன்னேன். "அதெல்லாம் டாக்டர்தான் சொல்வார்" என்று பதில் வந்ததாம். உள்ளே எதுவும் ஏற்றாத வெறும் பையைத்தான் அவர்கள் விற்கிறார்கள் என்பது என் ஊகம், அதுவே பை என்றால். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரிலேயே இந்த மாதிரி எக்ஸோசோம் வியாபாரம் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது, நெப்ராஸ்கா மாநிலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்த பிறகு. இப்போது முகப்பொலிவுக்கும் முடி வளரவும் எக்ஸோசோம் என்று அழகு நிலையங்கள் போர்டு வைக்கின்றன. முடிக்குப் போட்டுக்கொள்கிறவர் காசு அவர் பாடு. புற்றுநோய் வந்தவர்களிடம் இதை விற்பதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அதுவும் புற்றுநோயே இந்தப் பைகளை வைத்து ஊர் ஊராகப் பரவுகிறது என்று தெரிந்த பிறகு, எந்தச் செல்லில் இருந்து வந்தது என்றே தெரியாத பைகளை அந்த உடம்பில் ஏற்றுவதா? மருத்துவச் சோதனை என்று உண்மையில் ஒன்று நடந்தால் அது அரசின் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் இருக்கும், இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம், சோதனை மருந்துக்கு அட்வான்ஸ் கேட்கமாட்டார்கள்.

தம்பி பணம் கட்டவில்லை. ஆனால் கோபம் அவனுக்கு என் மேல்தான், கொஞ்ச நாள் பேசவில்லை. "ஒண்ணுமே இல்லேன்னு சொல்றதுக்கு நீ எதுக்கு படிச்சே" என்று சித்தி வழியாகச் சொல்லி அனுப்பினான்.

ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேறு பக்கம் நிறைய இருக்கிறது என்று சொன்னேன், அது அவனுக்கு அப்போது காதில் விழவில்லை. உலகத்தில் 2022-ல் மட்டும் சுமார் 9.7 லட்சம் பேருக்குப் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் வந்தது, சுமார் 6.6 லட்சம் பேர் இறந்தார்கள். தென்கொரியாவில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அரசே எண்டோஸ்கோபி பார்க்கிறது, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். நம்மூரில் 'குழாய் விட்டுப் பார்ப்பது' என்றாலே ஆள் எழுந்து ஓடிவிடுவார். பைலோரி பாக்டீரியாவை 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகைக் காரணியாக அறிவித்தது. 1984-ல் பாரி மார்ஷல் அதைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, அது இரைப்பையில் அழற்சி உண்டாக்கும் என்று நிரூபித்த கதையும், 2005-ல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் வாங்கிய கதையும் பாடப் புத்தகத்திலேயே உண்டு. அது இருந்தால் எல்லோருக்கும் புற்றுநோய் வராது, வருவது சிறு பங்குதான். ஆனால் வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அப்பா, பிள்ளை, அண்ணன் தம்பி எல்லோரும் பைலோரி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது, இருந்தால் இரண்டு வார மாத்திரையில் பெரும்பாலும் போய்விடும். சாப்பிட்டவுடன் நிரம்புகிற வயிறு, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, கறுத்த மலம், தீராத ரத்தசோகை, இவை இருந்தால் கேஸ் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகலாம். புகையிலை, சாராயம், அளவுக்கு மீறிய உப்பு. கருவாட்டை விடச் சொல்லவில்லை, நாகப்பட்டினத்தில் பெண் எடுத்த வீட்டில் அதைச் சொல்லிப் பிழைக்க முடியாது. தினமும் வேண்டாம் என்கிறேன்.

தம்பி டெஸ்ட் எடுத்தான். பாசிட்டிவ். மாத்திரை முடித்துவிட்டான், இப்போது பேசுகிறான்.

நுண்பைகளை நான் விட்டுவிடவில்லை. இரைப்பைப் புற்றுநோய் கல்லீரலுக்குப் போவதைப் போலவே அடிக்கடி வயிற்றறையின் உள்படலம் முழுக்கத் தூவின மாதிரிப் பரவுகிறது, அது வந்துவிட்டால் ரத்தம் வழியாகப் போகும் கீமோ அங்கே சரியாக எட்டுவதில்லை. அதனால் மருந்தை நேராக வயிற்றறைக்குள் விடும் யோசனை பழையது. ஜப்பானில் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை அப்படிக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையின் முடிவு 2018-ல் வந்தது, எதிர்பார்த்த அளவு தெளிவான வெற்றி கிடைக்கவில்லை. ஆனாலும் நுண்பைக்கு அந்த வழி பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது, காரணம் அங்கே கல்லீரல் முதலில் குறுக்கே நிற்காது, தண்ணீரைக் கடைமடையிலேயே திறந்துவிடலாம். தொல்லை என்னவென்றால் வயிற்றறையிலிருந்து நிணநீர் வழியாக எவ்வளவு சீக்கிரம் அவை வடிந்து ரத்தத்துக்குப் போய்விடும், போவதற்குள் படலத்தில் ஒட்டிய கட்டிகள் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பதுதான். திருச்சியில் பிஎச்.டி. செய்யும் என் பழைய மாணவி ஒருத்தி அதை எலியில் அளந்து பார்க்கத் திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். விலங்கு நெறிக்குழு கேட்ட முதல் கேள்வி, எத்தனை பைகள் கட்டிக்குள் போயின என்பதை எப்படி எண்ணப் போகிறாய் என்பது. அதற்குத்தான் இப்போது இரண்டு பேரும் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.